அட்டையில் விலை போட்ட கூட்டம்

போன இதழில் ஒரு வாசகர், வெள்ளைக்காரப் பாட்டுக்காரர்களில் பாடினபடி நடந்துகொண்டவர் யாராவது உண்டா என்று கேட்டிருந்தார். நானும் யோசிக்காமல் ‘கிராஸ்’ என்று ஒரே வார்த்தையில் பதில் எழுதி அனுப்பிவிட்டேன். வந்தது வினை. புல்லா, சிலுவையா, எந்த ஊர் ஆள், என்ன பாட்டு என்று கடிதமும் வாட்ஸ்அப்புமாக வந்து குவிந்துவிட்டது. அதனால் இந்த மாதம் பகுதி முழுக்க அந்தக் கூட்டத்துக்கே. இளையராஜா பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள், ராஜா கோபித்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: என் தம்பி ஒரு கறுப்பு டீசட்டை வாங்கி வந்திருக்கிறான். நடுவில் சிலுவை மாதிரி ஏதோ, சுற்றிலும் பாம்பு. அம்மா அதைத் துவைக்கக்கூடத் தொட மாட்டேன் என்கிறார். பூசாரியிடம் கூட்டிப்போய் மந்திரிக்க வேண்டும் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. நிஜமாகவே பேய்ச் சமாசாரமா?
— கல்லூரி மாணவி, பெஸ்தாரி ஜெயா

பதில்: முதலில் அம்மாவுக்கு ஒரு டீ போட்டுக் கொடுங்கள் தங்கச்சி. பேயும் இல்லை பிசாசும் இல்லை. அது கிராஸ் என்ற ஆங்கிலேய பங்க் குழுவின் சின்னம். பங்க் என்றால் ராக் இசையில் கரடுமுரடான, எதிர்த்துக் குரல் கொடுக்கிற ரகம். குழு தொடங்குவதற்கு முன்னாலேயே, அதன் டிரம்காரர் பென்னி ரிம்போ தேவாலயத்தைத் திட்டி எழுதிய ஒரு சிறு வெளியீட்டுக்காக டேவ் கிங் என்ற நண்பர் வரைந்து கொடுத்தது. சிலுவை, பிரிட்டிஷ் கொடி, நாஜிச் சின்னம் மூன்றையும் சேர்த்துப் பிசைந்து, சுற்றிலும் இரண்டு தலைப் பாம்பு தன்னையே கடிக்கிற மாதிரி வைத்தார். அதிகாரம் யார் கையில் இருந்தாலும் கடைசியில் தன்னையே தின்று தீர்க்கும் என்பது கருத்து. நம்ம வீட்டுப் பெரியவர்களுக்குப் புரியாத கருத்தா இது? கிராஸ் என்றால் நயமில்லாத, முரட்டுத்தனமான என்று பொருள், டேவிட் போவியின் பாட்டு வரி ஒன்றிலிருந்து உருவிய சொல்.

தம்பி அந்தச் சட்டையை எவ்வளவு கொடுத்து வாங்கினான் என்று மட்டும் கேளுங்கள். 70, 80 வெள்ளி என்றால் அதற்கு வேண்டுமானால் மந்திரிக்கலாம். ஏன் என்பது கீழே வருகிறது.

நானும் உங்கள் ஊர்தான். என் ரிப்பேர்க் கடைக்கு ரேடியோ, மிக்சி தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் யாரும் பெஸ்தாரி ஜெயா என்று சொல்லி நான் கேட்டதில்லை, பெயர்ப்பலகை மாறி இத்தனை வருஷம் ஆகியும் அவர்களுக்கு இது பத்தாங் பெர்ஜுந்தைதான்.

கேள்வி: பேரன் போனில் போட்டுக் காட்டினான். தகரக் கூரையில் மழை கொட்டும்போது பக்கத்து வீட்டில் யாரோ சண்டை போடுகிற மாதிரி இருந்தது. இதிலே பாட்டு எங்கே இருக்கிறது?
— ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி, கோலசிலாங்கூர்

பதில்: ஐயா, நீங்கள் சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். சண்டைதான் அது.

லண்டனுக்கு வடகிழக்கே எஸ்ஸெக்ஸில், ஓங்கர் பக்கம், டயல் ஹவுஸ் என்று ஒரு பழைய பண்ணை வீடு. 1967லிருந்து ரிம்போ அதில் வாடகைக்கு இருந்தார், கதவைப் பூட்டுகிற வழக்கமில்லை, யார் வந்தாலும் டீ உண்டு, தங்கலாம், தோட்டத்தில் காய்கறி போடலாம். 1977ல் டாகன்ஹம் பக்கத்துப் பையன் ஒருவன், இருபது வயது இருக்கும், அங்கே வந்து சேர்ந்தான். தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் ஸ்டீவ் இக்னரண்ட், அதாவது மண்டு ஸ்டீவ். ரிம்போவுக்கு அப்போதே முப்பது தாண்டியாயிற்று. பையன் கத்த, பெரியவர் டிரம் அடிக்க, இரண்டு பேராகத் தொடங்கியது அப்புறம் ஒரு குடும்பமே ஆகிவிட்டது: கிதாருக்கு பில் ஃப்ரீ, ஆண்டி பாமர், பேஸுக்கு பீட் ரைட், பாட ஈவ் லிபர்டீன், ஜாய் டி விவ்ரே, அட்டைப் படமெல்லாம் ஜீ வாஷே, மேடைக்குப் பின்னால் திரையில் படம் ஓட்ட மிக் டஃபீல்ட். எல்லாருக்கும் கறுப்பு உடை. யார் முகமும் தனியாக எடுபடக்கூடாது என்பதற்காக.

முதல் தட்டு ‘தி ஃபீடிங் ஆஃப் தி ஃபைவ் தௌசண்ட்’. 1978 அக்டோபர் 29ஆம் தேதி ஒரே நாளில் பதிவு முடிந்தது, ஜான் லோடர் என்பவரின் சதர்ன் ஸ்டூடியோவில். வெளியிட்டது வால்தம்ஸ்டோவில் ஒரு சின்ன இசைத்தட்டுக் கடை, ஸ்மால் வண்டர் என்று பெயர். பைபிளில் ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் வைத்துக்கொண்டு ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு போட்ட கதை உங்களுக்குத் தெரியும். இவர்கள் விஷயத்தில் தட்டு அடிக்கிற ஆலை 5000க்குக் குறைய அடிக்காது, இவர்களோ நூறு விற்றாலே பெரிசு என்று நினைத்தார்கள், மிச்சத்தை யார் தலையில் கட்டுவது என்ற யோசனையில் வைத்த பெயர் அது.

ஆலை அயர்லாந்தில் இருந்தது. முதல் உருப்படி ஏசுவைப் பற்றிய கடுமையான ஒரு வசனம். அதைக் கேட்ட ஆலைத் தொழிலாளர்கள் இதை அடிக்க மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். சரி என்று அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெறும் மௌனத்தைப் பதிந்து, ‘கருத்துச் சுதந்திரத்தின் ஓசை’ என்று அர்த்தம் வருகிற பெயரும் கொடுத்தார்கள். வேறொருவராக இருந்தால் அந்த இடத்தில் இன்னொரு பாட்டைச் சொருகியிருப்பார்.

சத்தம் பற்றி உங்கள் புகார் நியாயம். டிரம் அணிவகுப்புக்கு அடிக்கிற மாதிரி, கிதார் ஓடுகிற சைக்கிள் ரிம்மில் குச்சியை வைத்த மாதிரி, குரல் மூச்சு விடாமல். பேரனிடம் வரிகளை எடுத்துத் தரச் சொல்லி முதலில் அதைப் படியுங்கள், அப்புறம் கேளுங்கள், அதிலும் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். அவர்களுடைய 1983 தட்டு ‘யெஸ் சர், ஐ வில்’லை ஒரே மூச்சில் கேட்க எனக்கே பத்து வருஷம் பிடித்தது. அதில் பாட்டு பாட்டாகப் பிரித்துக்கூட வைக்கவில்லை, ஒரே வசவு மழை. நல்ல தட்டு என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் முழுதாகக் கேட்டிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

கேள்வி: ‘ஸ்டேஷன்ஸ் ஆஃப் தி கிராஸ்’ பழைய தட்டு ஒன்று ஆன்லைனில் 480 வெள்ளிக்குக் கிடக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அட்டையிலேயே 3 பவுண்டுக்கு மேல் கொடுக்காதே என்று அச்சடித்திருக்கிறது. வாங்கலாமா?
— லாரி ஓட்டுநர், ஈஜோக்

பதில்: வாங்காதீர்கள் அண்ணே. அந்த வரியை அச்சடித்தவர்களே உங்களுக்குச் சொல்லிவிட்டார்கள், நான் யார் நடுவில்.

ஆனால் இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன், கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

நான் தோட்டத்துப் பிள்ளை. அப்பா பால் வெட்டு, அம்மா களையெடுப்பு. லயத்துக்கு முன்னால் ஒரே ஒரு மளிகைக் கடை, பட்டணத்துக்குப் போக வேண்டுமானால் பஸ்ஸுக்குக் காசு வேண்டும், அதனால் எல்லாம் அந்தக் கடையில்தான். எந்தச் சாமானிலும் விலை ஒட்டியிருக்காது. அட்டையில் 555 என்று போட்ட உள்ளங்கையளவு நோட்டு ஒன்று வீட்டுக்கு வீடு இருக்கும், மூணு அஞ்சு புத்தகம் என்போம், கடைக்காரர் காதிலிருந்து பென்சிலை எடுத்து அதில் எழுதுவதுதான் விலை. பட்டணத்தில் 1 வெள்ளி 20 காசுக்குக் கிடைக்கிற மத்தி டின் அந்த நோட்டில் 1 வெள்ளி 60 ஆகிவிடும். கேட்டால், லாரிக் கூலி. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டுத் தனிக் கணக்கு வைத்திருந்தார். சம்பளத்தன்று சுவரையும் நோட்டையும் ஒப்பிடுவோம். ஒரு மாதம்கூட ஒத்துப்போனதில்லை, ஜெயித்தது எப்போதும் நோட்டுதான்.

பிறகு 80களின் கடைசியில் ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, வாடகை அறையில் என்னோடு திரங்கானுவைச் சேர்ந்த ஒரு மலாய் நண்பன். அவனிடம் ஒரு டிடிகே கேசட் இருந்தது, யாரோ பதிந்து கொடுத்ததிலிருந்து இன்னொருவர் பதிந்து, அதிலிருந்து இவன் பதிந்தது. பெட்டிக்குள் அட்டையின் ஜெராக்ஸ் நாலாய் மடித்துக் கிடந்தது, மடிப்பில் மை உதிர்ந்து பாதி எழுத்து போய்விட்டிருந்தது, ஆனால் அந்த ஒரு வரி மட்டும் தெளிவாக இருந்தது. 3 பவுண்டுக்கு மேல் கொடுக்காதே. நான் பாட்டைக் கேட்பதற்கு முன்னால் அந்த வரியைத்தான் நாலைந்து தடவை படித்தேன். விலையைப் பொருளிலேயே அச்சடித்துவிட்டால் கடைக்காரரின் பென்சிலுக்கு வேலையே இல்லையே, இது ஏன் நம்ம தோட்டத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை?

அவர்களால் எப்படி முடிந்தது என்றால், முதல் தட்டு விஷயத்தில் ஆலையோடு பட்ட பாட்டுக்குப் பிறகு சொந்தமாகவே கிராஸ் ரெக்கார்ட்ஸ் என்று ஆரம்பித்துவிட்டார்கள். ஆலை மறுத்த அந்த வசனத்தை 1979ல் ‘ரியாலிட்டி அசைலம்’ என்று தனி சிங்கிளாகப் போட்டு 45 பென்ஸ் விலை வைத்தார்கள், அது அவர்கள் கையைக் கடித்தது, லண்டன் போலீஸும் வீடு தேடி வந்து விசாரித்துவிட்டுப் போனது. அதே வருஷம் ‘ஸ்டேஷன்ஸ்’. இரண்டு தட்டு, மூன்று பக்கம் ஸ்டூடியோவில் எடுத்தது, நாலாம் பக்கம் லண்டன் இஸ்லிங்டனில் ஒரு மதுக்கடையில் நடந்த கச்சேரி. கையில் காசில்லை, பாய்சன் கேர்ள்ஸ் என்ற நட்புக் குழு கடன் கொடுத்தது, தட்டு விற்று அந்தக் கடனை அடைத்தார்கள். அட்டையைப் பிரித்தால் பெரிய போஸ்டர் மாதிரி விரியும், உள்ளே பாட்டு வரிகள், கட்டுரை, ஜீ வாஷேயின் கறுப்பு வெள்ளைப் படங்கள். அவற்றைப் புகைப்படத்தை வெட்டி ஒட்டியது என்றுதான் முதலில் நினைப்பீர்கள், பல படங்கள் அவர் கையால் தீட்டியவை.

வெளியிடும் எண்ணிலும் ஒரு குறும்பு. முதல் தட்டைத் தாங்களே திரும்ப வெளியிட்டபோது அதற்கு 621984, ‘ஸ்டேஷன்ஸ்’ 521984, 1980ல் வந்தவை 421984, 1981ல் 321984. ஏதோ பதிவு எண் என்று தாண்டிப் போய்விடுவோம். 1984க்கு இன்னும் ஆறு, ஐந்து, நான்கு, மூன்று வருஷம் என்று எண்ணிக்கொண்டு வருகிறார்கள். ஜார்ஜ் ஆர்வெல் நாவலுக்குப் பெயராக வைத்த அதே வருஷம்தான்.

ஆக அண்ணே, 480 வெள்ளியில் ஒரு காசுகூட அவர்களுக்குப் போகப் போவதில்லை. மறுபதிப்புகள் வந்திருக்கின்றன, அதை வாங்குங்கள், இல்லையா, கடைக்கு வாருங்கள், கேட்டுவிட்டுப் போகலாம். லாரியை மட்டும் ஐந்தடி நடைபாதைக்கு முன்னால் நிறுத்தாதீர்கள், எதிர்க்கடை முதலாளி என்னைத்தான் திட்டுகிறார்.

கேள்வி: கிராஸ் கூட்டத்தை அராஜகவாதிகள் என்கிறார்களே, பேப்பரில் ‘ரவுடிகள் அராஜகம்’ என்று வருகிறதே, அதுதானா?
— வாசகர், பத்து ஆராங்

பதில்: இல்லை. நம் பத்திரிகைகள் கெடுத்துவிட்ட சொற்களில் அதுவும் ஒன்று. அரசு, முதலாளி, மதபீடம் எதுவும் மேலே உட்கார்ந்து ஆட்ட வேண்டாம், மனிதர்கள் தங்களுக்குள் பேசித் தங்கள் காரியத்தைப் பார்த்துக்கொள்வார்கள் என்கிற கொள்கை. கிராஸ் கூட்டம் அடிதடிக்கு எதிரி, போர் எதிர்ப்பாளர்கள். 1980ல் ‘ப்ளடி ரெவல்யூஷன்ஸ்’ என்று ஒரு சிங்கிள் போட்டார்கள், துப்பாக்கி தூக்கிப் புரட்சி பண்ணுகிறேன் என்ற இடதுசாரிகளைக் கிண்டல் செய்யும் பாட்டு, பின்பக்கம் பாய்சன் கேர்ள்ஸ். அந்தப் பணத்தில் லண்டன் வாப்பிங்கில் ஒரு அராஜகவாதிகள் மன்றம் திறந்தார்கள். ரவுடி மன்றம் திறப்பானா?

கேள்வி: இந்தக் குழுவில் பெண்கள் பின்னால் நின்று ஆ... ஊ... போடத்தானா?
— தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பாகாவ்

பதில்: டீச்சர், நல்ல வேளை நீங்கள் கேட்டீர்கள். என்னைக் கேட்டால் இவர்களுடைய மிகச் சிறந்த தட்டு 1981ல் வந்தது, அதில் ஸ்டீவ் இக்னரண்ட் வாயே திறக்கவில்லை. பாடியது முழுக்க ஈவ் லிபர்டீனும் ஜாய் டி விவ்ரேவும். தட்டின் பெயர் ‘பீனிஸ் என்வி’. தமிழில் பெயர்த்து எழுதினால் இதழாசிரியர் சிவப்பு மையால் கோடு போட்டுவிடுவார், பெண்களைப் பற்றி மனோதத்துவ அறிஞர் ஃப்ராய்டு சொல்லிவைத்த ஒரு கோட்பாட்டை நக்கல் செய்கிற தலைப்பு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கல்யாணம், அழகு, அடக்கம், ஹைஹீல்ஸ் எல்லாவற்றையும் பிரித்து மேய்ந்திருக்கிறார்கள். இசையும் மற்றத் தட்டுகளைவிட நின்று நிதானித்துப் போகும், ஒவ்வொரு சொல்லும் காதில் விழும்.

அதன் கடைசிப் பாட்டில்தான் வேடிக்கை. வேண்டுமென்றே சர்க்கரைப் பாகாகச் செய்த ஒரு கல்யாணப் பாட்டு. ‘லவ்விங்’ என்று இளம் பெண்களுக்கான காதல் பத்திரிகை ஒன்று வந்துகொண்டிருந்தது, அதற்கு ‘கிரியேட்டிவ் ரெக்கார்டிங் அண்ட் சவுண்ட் சர்வீசஸ்’ என்ற பெயரில் இந்தப் பாட்டை அனுப்பினார்கள். ஆங்கில முதலெழுத்துகளைக் கூட்டிப் பாருங்கள், கிராஸ். பத்திரிகைக்காரர்களுக்கு அது உறைக்கவில்லை. உங்கள் திருமண நாளுக்கு எங்கள் அன்பளிப்பு என்று வாசகிகளுக்கு மெல்லிய பிளாஸ்டிக் தட்டாக இலவசமாகக் கொடுத்தார்கள். விஷயம் வெளியே வந்ததும் ஒரே ரகளை. எச்எம்வி கடைகள் ஆல்பத்தை விற்க மறுத்தன, 1984ல் செஷயரில் ஒரு கடையிலிருந்து போலீஸ் தட்டுகளை அள்ளிக்கொண்டு போய் ஆபாச வழக்கே போட்டது. நம்ம ஊர்க் கல்யாண மண்டபத்தில் அந்தப் பாட்டைப் போட்டால் ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது, பந்தியில் பாயசம் ஓடிக்கொண்டே இருக்கும்.

பாய்சன் கேர்ள்ஸின் வை சப்வெர்சாவையும் தேடிக் கேளுங்கள். 1935ல் பிறந்தவர், இரண்டு பிள்ளைக்குத் தாய், நாற்பது தாண்டித்தான் பங்க் மேடை ஏறினார். டீச்சர் ரூமில் இந்த வயதில் இனி என்ன என்று பேச்சு வந்தால் இவரைச் சொல்லலாம்.

கேள்வி: பாட்டுப் பாடி எதை மாற்றினார்கள்? நாங்கள் சங்கத்தில் முப்பது வருஷம் மனுக் கொடுத்தோம், ஒரு வீடு வாங்க அதற்கே தாளம் போட வேண்டியிருந்தது.
— முன்னாள் தொழிற்சங்கக் கிளைச் செயலாளர், சுங்கை சிப்புட்

பதில்: அண்ணன், உங்களிடம் சமாளிக்க முடியாது, நேராகவே சொல்கிறேன்: அரசாங்கத்தைக் கவிழ்க்கவில்லை, மார்கரெட் தாட்சர் மூன்று தேர்தல் ஜெயித்தார்.

1982 ஏப்ரலில் ஃபாக்லாந்து தீவுகளுக்காக அர்ஜென்டினாவோடு சண்டை வந்தபோது இவர்கள் ‘கிரைஸ்ட் - தி ஆல்பம்’ வேலையில் மூழ்கிக் கிடந்தார்கள். பெட்டிக்குள் இரண்டு தட்டு, புத்தகம், போஸ்டர் என்று ஆடம்பரமான சமாசாரம், அதை இழைத்து இழைத்துச் செய்து முடித்து ஆகஸ்டில் வெளியே விடுவதற்குள் ஜூனிலேயே சண்டை முடிந்துவிட்டது. பிரிட்டிஷ் தரப்பில் 255 பேர், அர்ஜென்டினா தரப்பில் 649 பேர் போய்ச் சேர்ந்தார்கள். ஊர் பற்றி எரியும்போது பெட்டிக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தோமே என்று அவர்களுக்கு உறுத்தியிருக்கிறது. அதற்குப் பிறகு அவசர அவசரமாகத்தான் எல்லாம். ஃபாக்லாந்தில் ஆடு மேய்ப்பது பற்றி ஒரு மெல்லிய தட்டு அடித்து, பெயர்கூடப் போடாமல், விநியோகக் கிடங்கில் இருந்த நண்பர்கள் மூலம் மற்றவர்களுடைய தட்டு உறைகளுக்குள் சொருகிவிட்டார்கள். காதல் பாட்டு வாங்கியவன் வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் இது விழும். அடுத்து, ஆயிரம் பிணங்களுக்குத் தாயாக இருப்பது எப்படி இருக்கிறது என்று பிரதமரையே கேட்கும் சிங்கிள். ஆளுங்கட்சி எம்பி டிம் எக்கர் வழக்குப் போட வேண்டும் என்று கிளம்பினார், நாடாளுமன்றம் வரை போனது, வழக்கு மட்டும் வரவில்லை.

1983ல் செய்தது இன்னும் துணிச்சல். தாட்சர், ரீகன் இருவருடைய பேச்சுப் பதிவுகளையும் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, இரண்டு பேரும் போனில் போரைப் பற்றிப் பேசிக்கொள்கிற மாதிரி பீட் ரைட் ஒரு டேப் தயாரித்தார். கம்ப்யூட்டர் இல்லாத காலம், டேப்பை பிளேடால் வெட்டிப் பசை நாடாவால் ஒட்ட வேண்டும், ரிப்பேர்க்காரன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு வாக்கியம் ஒழுங்காக வர அரை நாள் போகும். அமெரிக்க வெளியுறவுத் துறை அதை சோவியத் உளவுத்துறையின் கைவேலை என்று சந்தேகப்பட்டது. 1984 ஜனவரியில் ‘அப்சர்வர்’ பத்திரிகைதான் எஸ்ஸெக்ஸ் பண்ணை வீட்டுக்காரர்கள் என்று கண்டுபிடித்தது.

கடைசிக் கச்சேரி 1984 ஜூலை 7, வேல்ஸில் அபர்டேர் என்ற சுரங்க ஊரில், வேலைநிறுத்தத்தில் இருந்த நிலக்கரித் தொழிலாளர்களுக்கு நிதி திரட்ட. எண்ணிக்கொண்டே வந்த வருஷத்திலேயே கடையைக் கட்டினார்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது கூலி உயர்வு, கள்ளுக்கடையை மூடுவது என்ற பெரிய கோரிக்கைகளோடு இன்னொன்றும் இருந்ததே, துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டியதில்லை என்று. தலைமை தாங்கிய ஆர். எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள், பட்டாளத்தை இறக்கினார்கள். என் தாத்தா பங்கெடுத்தாரா என்று தெரியாது, ஆனால் வீட்டில் அந்தப் போராட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் கூலி எவ்வளவு ஏறியது என்று ஒருத்தரும் சொன்னதில்லை, சைக்கிள் கதையைத்தான் சொல்வார்கள். அந்த அட்டை வரி எனக்கு அந்த ரகம். மனுக் கொடுத்த உங்களுக்கு இதைவிடப் பெரியதாகப் பதில் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

கேள்வி: மலேசியாவில் இந்த மாதிரிக் குழு உண்டா?
— வாசகர், கூலிம்

பதில்: உண்டு, பெரும்பாலும் மலாய்ப் பிள்ளைகள். கார்புரேட்டர் டங் 1991லிருந்து இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். அம்பாங்கில் ருமா அப்பி என்று சொந்தமாக ஓர் இடம் வைத்துக் கச்சேரி நடத்தினார்கள், 2015 ஆகஸ்ட் 28 இரவு, நேர்மையான தேர்தல் கேட்ட பெர்சே 4 பேரணிக்கு முந்தின நாள், போலீஸ் புகுந்து நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் பிடித்துக்கொண்டு போனது. நம்ம பையன்கள் பக்கம் ராப் வளர்ந்த அளவுக்கு இது வளரவில்லை. மைக் ஒன்று போதும் என்பதால் இருக்கலாம்.

கேள்வி: நாங்கள் நாலு பேர். ஒரு கிதார், ஒரு உறுமி, டிரம்முக்குப் பதில் எண்ணெய்ப் பீப்பாய். ஸ்டூடியோக்காரர் ஒரு பாட்டுக்கு 600 வெள்ளி கேட்கிறார். போனில் பதிந்ததை வெளியிட்டால் சிரிப்பார்களா?
— படிவம் ஐந்து மாணவன், தாப்பா

பதில்: சிரிக்கட்டுமே தம்பி. கிராஸ் ‘புல்ஷிட் டிடெக்டர்’ என்று மூன்று தொகுப்புகள் போட்டார்கள், 1980, 82, 84ல். உள்ளே இருப்பதெல்லாம் படுக்கையறையிலும் கார் கொட்டகையிலும் சாதாரண கேசட்டில் பதிந்து தபாலில் வந்த பாட்டுகள். சிலது சகிக்காது, நிஜமாகச் சொல்கிறேன், நாய் குரைப்பது கேட்டால்கூட ஆச்சரியப்பட மாட்டேன். அந்த இரண்டாவது தொகுப்பில் சம்பாவம்பா என்று ஒரு குழு, 1997ல் உலகமெங்கும் ஒலித்த ‘டப்தம்பிங்’ அவர்களுடையதுதான். ஐஸ்லாந்தின் பியோர்க் இளம்பெண்ணாக இருந்தபோது பாடிய குக்ல் குழுவின் தட்டையும் வெளியிட்டது கிராஸ் ரெக்கார்ட்ஸ்தான்.

போனை உறுமிக்குப் பக்கத்தில் வைக்காதே, மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். அறையின் எதிர் மூலையில், துணி மூட்டை மேல் வை. கிதார்க்காரன் போனுக்கு முன்னால் வரட்டும், பீப்பாய் வாசலுக்கு வெளியே போகட்டும். அப்புறம் எஸ்.பி.எம். முடியட்டும், அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்.

கேள்வி: அண்ணன் விட்டுப்போன கேசட்டுகளில் கிராஸ் ஒன்று இருக்கிறது. டேப் மேல் வெள்ளையாகப் பூஞ்சை. போட்டுப் பார்க்கலாமா?
— குடும்பத்தலைவி, பத்தாங் பெர்ஜுந்தை

பதில்: போடாதீர்கள் அக்கா! பூஞ்சை ஹெட்டில் ஒட்டிக்கொண்டால் அடுத்துப் போடுகிற பக்திப் பாட்டுக் கேசட்டுக்கும் தொற்றும். நம்ம ஊர் ஈரத்துக்கு இது சகஜம். கேசட்டின் மூலை ஸ்குரூக்களைக் கழற்றினால் இரண்டாகப் பிரியும், உள்ளே சுருளைத் தூக்கும்போது நழுவவிட்டால் இடியாப்பம்தான், அதனால் தட்டையான தட்டில் வைத்துப் பிரியுங்கள். மருந்துக்கடையில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் கிடைக்கும், காதுக்குப் போடுகிற பஞ்சுக் குச்சியில் கொஞ்சமாக நனைத்து, தூக்கிப்போடப் போகிற பழைய பிளேயர் ஒன்றில் டேப்பை மெதுவாகச் சுற்றவிட்டு, ஓரத்தில் லேசாகத் தொட்டபடி பிடியுங்கள். முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள், அந்தப் பொடி நெஞ்சுக்கு ஆகாது. ஒரு நாள் காற்றாட விட்டு, புது கூட்டுக்குள் மாற்றிப் போட்டுக் கேளுங்கள்.

கை நடுங்கும் என்றால் கடைக்குக் கொண்டு வாருங்கள், செவ்வாய்க்கிழமை மட்டும் அடைப்பு. கூலி 5 வெள்ளி, சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். நான் இல்லாத நேரத்தில் மருமகன் இருந்தால் 8 கேட்பான், கொடுக்காதீர்கள்.